மாமி ஏறினால் மட்டமாகும் கார்

கல்முனைக்குடியில் கலியாணம் முடிக்கிற ஆம்பிளை பெண்சாதியின் வீட்டுக்குத்தான் குடிபோவான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, வளவில் நிற்கிற தென்னையும் அதில் விழுகிற குரும்பையும் அவளுடையவை. ஜவுபர் இதைப் பற்றிக் குறை கதைக்கிற ஆளில்லை. அவருடைய வாப்பாவும் அப்படித்தான் போனார். நாளைக்கு மகள் அம்ஹாவுக்கு வரப்போகிறவனும் அப்படித்தான் வருவான். ஆனால் நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதன் ஜும்ஆ முடிந்து, வயிறு நிறையச் சோறும் தின்றுவிட்டு, மல்லாந்து படுத்துக்கொண்டு, இந்த வீட்டில் எனக்கென்று என்ன இருக்கிறது என்று யோசித்தால் விடை கொஞ்சம் சங்கடமாகத்தான் வரும். உடுத்துகிற நாலைந்து சாரம், ஒரு மூக்குக்கண்ணாடி, ஆணியில் தொங்குகிற ஒரு குடை. பிறகு முற்றத்தில் நிற்கிற லான்சர் கார்.

அந்தக் காரைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அம்ஹாவை விட வயது கூடியது. கூரைப் பக்கம் நிறம் உதிர்ந்து தேமல் பிடித்த மாதிரி இருக்கும். ஏசி போட்டால் ஒரு சத்தம், போடாவிட்டால் வேறொரு சத்தம். குலுக்கலைத் தாங்குகிற ஷொக் நாலும் எப்போதோ செத்துவிட்டன. பள்ளிவாசலுக்கு முன்னால் இருக்கிற வேகத்தடைத் திட்டில் ஏறி இறங்கினால், பள்ளிவாசல் மறைந்த பிறகும் கார் ஆடிக்கொண்டிருக்கும். ஆனாலும் அது ஜவுபரின் பெயரில் இருந்தது. அதில் அவர் கேட்காமல் யாரும் ஒரு ஸ்டிக்கரைக்கூட ஒட்ட முடியாது.

வீட்டின் பின்னறையில் மாமி இருந்தார். பெண்சாதி ஸம்றாவின் உம்மா, பெயர் நஸீறா. மாமிக்கும் மருமகனுக்கும் எந்த மனக்குறையும் கிடையாது, ஆனால் இருவரும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. அந்தக் காலத்து மாமிமார் அப்படித்தான், அது மரியாதை. சொல்ல வேண்டியதை மாமி கதவு நிலையிடம் சொல்வார். "சோறு ஆறுது," என்பார். ஜவுபர் தண்ணீர்க் குழாயைப் பார்த்து, "இந்தா வாறன்," என்பார். இப்படியே கதவும் குழாயும் வருஷக்கணக்காக நல்ல ஒற்றுமையோடு குடும்பம் நடத்தி வந்தன.

மாமா மவுத்தாகி அடக்கமான அடுத்த வருஷம் மாமி கிணற்றடியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆணி வைத்துத் தைத்தார்கள். நடை வந்தது, ஆனால் வோக்கர் பிடித்த நடை. அதோடு மாமியின் உலகம் பின்னறைக்கும் குசினிக்கும் இடையில் சுருங்கிப் போனது. பாலமுனையில் அவருக்கு ஒரு தங்கச்சி, ஸுஹைறா. அவளுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, தனியாக வர முடியாது. மாமிக்கோ ஓட்டோவில் ஏறினால் இடுப்பு கழன்றுவிடும். ஜவுபரின் லான்சர் ஓட்டோவை விட மோசம் என்று ஊருக்கே தெரியும். அக்காவும் தங்கச்சியும் போனில் கதைப்பார்கள். கதைத்து முடிந்ததும் மாமி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்.

ஸம்றாவுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வயல் குத்தகைக் காசில் கொஞ்சத்தை எடுத்து ஜவுபரின் கையில் வைத்தாள்.

"இஞ்சாருங்க, இத வெச்சி அந்த ஷொக்க மாத்துங்க. குலுங்காமப் போனாத்தான் உம்மாவப் பாலமுனைக்குக் கூட்டிட்டுப் போகலாம். வேற ஒண்டுக்கும் செலவழிச்சிடாதீங்க."

"என்னத்துக்கு நான் வேற ஒண்டுக்குச் செலவழிக்கப் போறன்," என்றார் ஜவுபர். அதைச் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னார்.

வினை அடுத்த கிழமை வந்தது. ஸம்றாவின் வயல் சம்மாந்துறைப் பக்கம். குத்தகைக்காரன் நெல்லைத் தந்தால் அதை மில்லில் குற்றி அரிசியாக்கி வீட்டுக்கு இறக்குவது ஜவுபரின் பொறுப்பு. வயல் அவளுடையது, முதுகு இவருடையது. அன்றைக்கும் டிக்கி நிறைய மூடைகளை அடுக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கார் அழகாக இருந்தது. அரிசியின் பாரத்தில் பின்பக்கம் பதிந்து, சக்கரங்கள் மட்காட்டுக்குள் பாதி ஒளிந்து, அந்தக் கிழட்டு லான்சர் அகலமாக, திமிராக, பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி நின்றது. மோட்டார் சைக்கிளில் போன ஒரு பொடியன் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தான்.

"காக்கா, காரைப் பதிச்சு லோ பண்ணிட்டீங்களா? செமயா இரிக்கி."

ஜவுபருக்குச் சொந்தமான ஒரு பொருளைப் பார்த்து யாராவது நல்ல வார்த்தை சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மனிசன் யோசிக்கவேயில்லை. "ஓம்," என்றார்.

அந்த ஒரு 'ஓம்' அவரைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து மூடைகளை இறக்குவதற்கு முன்னால், டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் எத்தனை விரல் நுழைகிறது என்று முன்னும் பின்னும் விட்டுப் பார்த்து, அந்த அளவை மனதில் பதித்துக்கொண்டார். ஜவுபரின் உத்தியோகம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில், வாய்க்கால்களுக்கு மட்டம் பார்ப்பது. எந்த இடத்திலிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதை முதலில் சரி பார் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர். அந்த மேதைக்கு டிக்கியில் கிடந்த அரிசி ஞாபகத்துக்கு வரவில்லை.

அதன் பிறகு கந்தோரில் பகல் சாப்பாட்டு நேரமெல்லாம் போனில் வீடியோதான். காரைப் பதிக்கும் ஸ்பிரிங், அதற்குத் தோதான ஷொக், எது மலிவு, எது நெடுநாள் உழைக்கும். பார்க்கப் பார்க்க ஜவுபருக்கு ஞானம் பிறந்தது, காசு பிறக்கவில்லை. நல்ல ஸ்பிரிங்கும் நல்ல ஷொக்கும் சேர்த்துப் போடுவதென்றால் ஸம்றாவின் வயலையே ஈடு வைக்க வேண்டும். வயலில் கை வைத்தால் மனிசனுடைய சாரங்களும் குடையும் றோட்டுக்கு வந்துவிடும். ஆகவே கையிலிருக்கிற காசுக்கு ஒன்றில் ஷொக், இல்லாவிட்டால் ஸ்பிரிங்.

கராஜ் வைத்திருந்த எட்வேட்டிடம் போனார். எட்வேட் நல்ல தொழில்காரன், மெதடிஸ்த கோயிலடியில் குடியிருப்பு, யாரையும் ஏமாற்றாதவன். அவனுக்கு ஒரேயொரு குறை. யார் எதைக் கேட்டாலும் 'செய்யலாம்' என்றுவிடுவான்.

"புது ஷொக் நாலும் போடலாமா எட்வேட்?"

"போடலாம் சேர். நல்லது."

"இல்லாட்டி ஸ்பிரிங் போட்டுக் காரைப் பதிச்சா?"

"அதும் செய்யலாம் சேர். வடிவா இரிக்கும்."

"பழைய ஷொக்கோட ஸ்பிரிங் மட்டும் போட்டா?"

எட்வேட் கையைத் துணியில் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தான். "ஆடும் சேர். பழைய ஷொக்குக்கு ஒயில் போட்டு அடைச்சுத் தரலாம். கொஞ்சநாள் ஓடும். பொறகு திருப்பி ஆடும். செய்யலாம்."

இதில் ஜவுபரின் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும். ஷொக் போட்டால் வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஸ்பிரிங் போட்டால் ஊரே பார்க்கும். மாமியின் இடுப்பு ஒரு பக்கம் மனதை உறுத்தத்தான் செய்தது. அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தார்: கார் பதிவாக இருந்தால் மாமிக்கு ஏற லேசு. இந்த நியாயம் அவருக்கு மிகவும் பிடித்துப் போனது. ஏறுகிறவர் இறங்கவும் வேண்டுமே என்பது அவர் மண்டையில் ஏறவில்லை.

கண்டிப் பக்கம் ஒருவன் பழைய கார்களிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்குகளை இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தான். முன்னுக்கு ஒரு சோடி, பின்னுக்கு ஒரு சோடி. எவ்வளவு பதிய வேண்டும் என்று கேட்டு அதற்கேற்ற சோடியைத் தருவானாம். ஜவுபரின் காரில் டயருக்கும் மட்காட்டுக்கும் இப்போதுள்ள இடைவெளியைக் கேட்டான். ஜவுபர் மில்லிலிருந்து வந்த அன்று அளந்த விரல் கணக்கைச் சொன்னார். பொருள் பஸ்ஸில் வந்து சேர்ந்தது, எட்வேட் அதைக் காரில் பூட்டினான், பழைய ஷொக்குகளுக்கும் ஒயில் போட்டு அடைத்தான். காரை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் இருவரும் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்கள்.

முன்பக்கம் வடிவாகப் பதிந்திருந்தது. பின்பக்கம் அப்படியே தூக்கிக்கொண்டு நின்றது. வாய்க்காலில் தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்கிற எருமை மாதிரி.

"டிக்கில ஏதும் பாரம் இருக்கக்கொள்ள அளந்தீங்களா சேர்?" என்று கேட்டான் எட்வேட்.

ஜவுபர் வெறும் டிக்கியைத் திறந்து பார்த்தார். வாய்க்கால் மட்டம் பார்க்கிற உத்தியோகத்தருக்கு அப்போதுதான் அரிசி மூடைகள் ஞாபகத்துக்கு வந்தன. காசும் முடிந்திருந்தது.

"இன்னொரு சோடி ஸ்பிரிங் தேடலாம் சேர்," என்றான் எட்வேட் ஆறுதலாக. "இல்லாட்டி பின்னால கொஞ்சம் பாரம் போடலாம். எல்லாம் செய்யலாம்."

வீட்டில் ஸம்றா காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"ஷொக் மாத்தினதா இது?"

"ஷொக்கும் பாத்ததுதான்," என்றார் ஜவுபர் குழாயைப் பார்த்து. பெண்சாதியிடம் அவர் குழாயைப் பார்த்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. ஸம்றாவுக்கு விளங்காமல் இருக்குமா. அன்றைக்குப் பகல் சோற்றோடு மீன்குழம்பு வரவில்லை.

பாரம் என்று எட்வேட் சொன்னது மட்டும் ஜவுபரின் மனதில் நின்றது. வீட்டுக்குப் பின்னால் கடற்கரை, மணலுக்கென்ன பஞ்சம். உரப்பையில் மணலை நிரப்பி டிக்கியில் போட்டார். கார் மட்டமானது. அப்போதே ஊரைச் சுற்றப் புறப்பட்டார். சந்தைப் பக்கம் கடைக் கண்ணாடிகளில் தன் காரைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஒரு தையல் கடைக் கண்ணாடியில் அது அவ்வளவு வடிவாகத் தெரிந்ததால் திரும்பவும் ஒரு சுற்று வந்தார். காரைதீவுப் பக்கம் பொலிஸ் கை காட்டி நிறுத்தினான். சிங்களப் பொலிஸ்காரன், தமிழ் கொஞ்சம் தெரியும். டிக்கியைத் திறக்கச் சொன்னான்.

"மணல்?" என்றான். "பெர்மிட் எங்க?"

"இது மணலுக்குக் கொண்டு போறதில்ல சேர். பாரத்துக்கு."

"மணல் எல்லாம் பாரம்தானே."

ஜவுபர் காரின் பின்பக்கம் உயர்ந்த கதையை, அரிசி மூடைக் கதையை, விரல் கணக்கை, ஆதியோடந்தமாகச் சொன்னார். பொலிஸ்காரன் சிரிப்பை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான். பிறகு மற்றப் பொலிஸ்காரனைக் கூப்பிட்டு, அவனுக்கும் ஒருமுறை சொல்லச் சொன்னான். கேஸ் எழுதவில்லை, மணலை அங்கேயே கொட்டிவிட்டுப் போகச் சொன்னான். அரசாங்க உத்தியோகத்தர் ஜவுபர் நடுறோட்டோரம் குந்தியிருந்து தன் கையாலேயே மணலைக் கொட்டினார். பஸ்ஸில் போன இரண்டு பேர் ஸலாம் சொன்னார்கள். திரும்பி வரும்போது எருமை மறுபடியும் தண்ணீர் குடித்தது. கடைக் கண்ணாடிகள் இருந்த பக்கம் அவர் முகத்தைத் திருப்பவில்லை.

மாமி காருக்குள் ஏறியது தற்செயலாகத்தான். ஆஸ்பத்திரிக் கிளினிக் நாள். ஸம்றா முன்னால், மாமி பின்னால். மாமி நல்ல பருமனான ஆள். அவர் உட்கார்ந்ததும் கார் மெதுவாக, ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி, பின்பக்கம் இறங்கி மட்டமானது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த ஓட்டோக்காரன் ஒருவன் காரைப் பார்த்துவிட்டு மெச்சித் தலையை ஆட்டினான். ஜவுபருக்குள் ஒரு விளக்குப் பற்றிக்கொண்டது.

அன்றிலிருந்து அவர் மாமிமேல் காட்டிய கரிசனை இருக்கிறதே, அதை ஊர் மெச்சியது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடற்கரைக் காற்று வாங்க மாமி. நிந்தவூரில் ஒரு சொந்தக்காரரின் சுன்னத்து வீட்டுக்கு மாமி. கடைசியில் பாலமுனைக்கும் மாமி. "உம்மாவுக்கு அல்லாஹ் ஒரு நல்ல மருமகனத் தந்திரிக்கான்," என்று பக்கத்து வீட்டு முஸ்பிறா ஸம்றாவிடம் சொன்னாள். ஸம்றாவும் மீன்குழம்பைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஜவுபர் அதை நல்ல பசியோடு தின்றார். வெட்கம் கெட்ட மனிசன்.

ஒரேயொரு குறை இருந்தது. மாமி இடது பக்கம் உட்கார்ந்தால் கார் இடது பக்கம் சரிந்தது. அதற்கும் ஜவுபர் வழி கண்டார். "ஸம்றா, உம்மாவ நடுவுல இருக்கச் சொல்லு. நடுவுலதான் ஏசிக் காத்து நல்லாப் படும்." மாமி வோக்கரை மகளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, நகர்ந்து நகர்ந்து நடுவுக்குப் போனார். பழைய ஷொக்குக்கு ஊற்றிய ஒயில் அதற்குள் கசியத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு திட்டிலும் கார் துள்ளியது. மாமி முன்சீற்றின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

முதல் தடவை பாலமுனைக்குப் போன அன்று ஸம்றாவுக்குப் பள்ளிக்கூடக் கூட்டம், வரமுடியவில்லை. காருக்குள் மாமியும் மருமகனும் தனியாக. கதவு நிலை இல்லாத இடத்தில் மாமி முன்சீற்றின் முதுகிடம் கதைத்தார். "ஒலுவில் ஊர் வந்திட்டு போல," என்றார். ஜவுபர் ஸ்டியரிங்கிடம், "ஓம்," என்றார். அதற்கு முன்னால் களியோடைப் பாலத்தடியில் ஜவுபர் காரை நிறுத்தியிருந்தார். ஆறும் வயலும் பின்னால் தெரிய, பதிந்த காரைப் போனில் படம் பிடிக்க வேண்டும். "கொஞ்சம் இருங்க," என்று காற்றில் சொல்லிவிட்டு இறங்கிப் போய், மண்ணில் முழங்காலை ஊன்றி விதவிதமாக எடுத்தார். படங்கள் எல்லாவற்றிலும் பின் கண்ணாடிக்கு நடுவில் முக்காடு போட்ட ஒரு தலை அசையாமல் இருந்தது. மாமி வெயிலில் வேர்த்தபடி, எங்கும் சரியாமல், இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தார்.

பாலமுனையில் ஸுஹைறாவின் வீட்டு ஒழுங்கை கடல்மணல். கார் நின்றதும் மாமி நகர்ந்து நகர்ந்து கதவடிக்கு வந்து, காலை வெளியே போட்டு, எழும்பப் பார்த்தார். முடியவில்லை. இருக்கை நிலத்துக்கு அவ்வளவு கிட்ட இருந்தது. மூன்றாம் தரமும் முயன்றுவிட்டு, மாமி நிமிர்ந்து ஜவுபரின் முகத்தைப் பார்த்தார்.

"மருமகன், கையத் தாங்க."

ஜவுபர் திடுக்கிட்டுக் கையைக் கொடுத்தார். மாமி பல்லைக் கடித்து, அந்தக் கையைப் பிடித்துத் தொங்கி எழுந்தார். உள்ளேயிருந்து ஸுஹைறா, "ஆரு, ராத்தாவா, மெய்தானா?" என்று சுவரைத் தடவிக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஜவுபருக்கும் கண் கலங்கியது. அந்த நேரம் அவர், இதெல்லாம் தன்னுடைய நல்ல மனதால் நடந்ததென்றே நம்பினார்.

நாலைந்து பயணம் இப்படிப் போனது. இடையில் இன்னொரு தரம் அரிசி வந்தபோது, மூடைகளை இறக்காமல் டிக்கியிலேயே விட்டுவிட்டு ஜவுபர் தனியாகவே ஊரைச் சுற்றி வந்தார். ஒருநாள் ஸம்றா மாமியின் உடுப்பை மாற்றிவிட்டு வந்து, ஜவுபருக்கு முன்னால் நின்றாள். கோபப்படுகிறவள் மாதிரி இருக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உம்மாட இடுப்பு வீங்கிக் கிடக்கு. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்ன பெனடோல், வந்தும் பெனடோல். எனக்குச் சொல்லவேயில்ல. இண்டைக்கு மாத்திரை அட்டயத் தலகணிக்குக் கீழ கண்டன். ஏன் உம்மா எண்டு கேட்டா, எனக்கு ஒண்டுமில்ல, நீ அவருக்குச் சொல்லாத எண்டுறா."

ஜவுபர் எழுந்து முற்றத்துக்குப் போனார். கார் வெறுமையாக நின்றது, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு. பாலமுனை ஒழுங்கையில் தன் கையைப் பிடித்துத் தொங்கிய அந்தக் கையின் இறுக்கம் இப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு மனிசி வலியில் பிடித்த பிடியை இவர் பாசம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மீன்குழம்பு தின்றிருக்கிறார். தன்னை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு எட்வேட்டிடம் போனார்.

"ஸ்பிரிங்கக் கழட்டுவம் எட்வேட். பழையதையே போடுவம். ஷொக் நாலும் புதுசு வேணும்."

"செய்யலாம் சேர்," என்றான் எட்வேட். முதல் தடவையாக அந்தச் சொல் ஜவுபரின் காதுக்கு நன்றாக இருந்தது. ஸ்பிரிங்கை எட்வேட்டே யாரோ ஒரு பொடியனுக்கு விற்றுக் கொடுத்தான். மிச்சத்துக்கு ஜவுபர் தன் போனை விற்றார், படங்களோடு.

கார் திரும்பி வந்தது. பழைய உயரம், பழைய அவலட்சணம், நாலு காலிலும் நேராக நின்றது. திட்டில் ஏறி இறங்கினால் ஒரே ஒரு தரம் அசைந்துவிட்டுச் சும்மா இருந்தது. ஜவுபர் அதை முற்றத்தில் நிறுத்திவிட்டு, "உம்மாவ வெளிக்கிடச் சொல்லு, பாலமுனைக்குப் போவம்," என்றார். ஸம்றா உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"வரலியாம். ஏலாதாம்."

"இடுப்பு நோகுதாமா?"

"அது கேட்டன். அது இல்லயாம்."

ஜவுபர் பின்னறை வாசலுக்குப் போனார். மாமி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜவுபர் கதவு நிலையைத் தேடாமல் மாமியிடமே சொன்னார்.

"மாமி, கார் உசந்திட்டு. இனி எழும்பக் கஷ்டமில்ல. குலுங்கவும் குலுங்காது."

"கேள்விப்பட்டன்," என்றார் மாமி. "இப்ப அது தன்பாட்டில மட்டமா நிக்கிதாம். பொறகு நான் என்னத்துக்கு?"

ஸம்றா ஜவுபரையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரெண்டாந்தரம் அரிசி வந்த அண்டைக்கு மூட டிக்கிலயே கிடந்திச்சு, நீங்க இறக்கல்ல," என்றார் மாமி. குரலில் கோபம் இல்லை, ஒரு கணக்கை ஒப்புவிக்கிற மாதிரித்தான் சொன்னார். "அண்டைக்கு நீங்க ஊரெல்லாம் சுத்தி வந்தீங்க, என்னக் கூப்பிடல்ல. மூட இறக்கின அடுத்த நாள் கூப்பிட்டீங்க. நடுவுல இருக்கச் சொன்னீங்க. நான் வயசாளிதான் மருமகன், மோடச்சி இல்ல."

ஜவுபர் வாசற்படியில் குந்திவிட்டார்.

"வெளங்கியுமா மாமி வந்தீங்க? அந்த நோவோட?"

"அரிசி மூட எண்டு ஏத்தினாலும் பரவாயில்ல," என்றார் மாமி. "தங்கச்சியப் பாத்தன்தானே."

ஸம்றா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். ஜவுபர் அழுதார். மறைக்கவும் பார்க்கவில்லை.

"மாப் பண்ணுங்க மாமி."

மாமி கையை நீட்டி வோக்கரை எடுத்தார். கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து, காலை நிலத்தில் ஊன்றினார்.

"மாப்புக் கிடக்கட்டும்," என்றார். "தங்கச்சி இருட்டினாக் கொஞ்சமும் காண மாட்டாள். இப்ப வெளிக்கிட்டாத்தான் என்ர முகத்தப் பார்ப்பாள்."